கொடுத்துக் கெட்டவரா பாகவதர்?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஒன்பது வயது மகன் நன்றாகப் பாடுகிறான், பூச்சொரிதல் சமயத்தில் சமயபுரத்தில் ஒரு மேடையில் அவன் பாடியதைக் கேட்டவர்கள் சினிமாவில் ஒரு சிறுவன் வேடத்துக்குக் கூப்பிடுகிறார்கள், அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே உங்கள் மாமனார் சொன்ன கதையையும் எழுதியிருக்கிறீர்கள். பழைய சினிமாவில் பாடி நடித்துப் புகழ்பெற்ற தியாகராஜ பாகவதர் கடைசிக் காலத்தில் பார்வை போய் சமயபுரம் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தாராம். யாரென்று தெரியாமல் ஜனங்கள் அவருக்குக் காசு போட்டுவிட்டுப் போனார்களாம். 'ஊருக்கெல்லாம் வாரிக் கொடுத்தான், கடைசியில் அவனுக்கே பிச்சை போட்டார்கள். பால்குடி மறந்ததும் மேடை ஏறினவனுக்கு வேறென்ன கதி?' என்று சொல்லிவிட்டு மாமனார் வெற்றிலை மடிக்கப் போய்விட்டாராம். பயந்துபோய் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

மாமனாரின் கதையை முதலில் பார்த்துவிடலாம். அது உங்கள் வீட்டில் மட்டும் உலவுவதில்லை. கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அறுபது தாண்டியவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். ஒருவர் சொல்லும்போது பாகவதர் கையேந்துகிறார். இன்னொருவர் சொல்லும்போது அவர் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார், மடியில் கிடந்த துண்டில் யாரோ காசு போடுகிறார்கள். மூன்றாமவர் கதையில் கூட வந்தவர் கோபப்படுகிறார், பாகவதர் சிரிக்கிறார். ஒரே சம்பவம் இத்தனை உருவம் எடுத்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

அவருடைய கடைசி மூன்று ஆண்டுகளைப் பாருங்கள். 1957இல் 'புது வாழ்வு' அவருடைய சொந்தப் படமாக வெளிவந்தது. ஓடவில்லை, ஆனால் படம் எடுக்கிற நிலையில் அவர் இருந்தார். 1959 அக்டோபரில் பொள்ளாச்சியில் கச்சேரி செய்தார். அப்போது 'சிவகாமி' படம் தயாராகிக்கொண்டிருந்தது. அது அவர் மறைந்தபின் 1960இல் வந்தது. பொள்ளாச்சியிலிருந்து திரும்பியதும் உடல்நிலை மோசமாகி, சென்னை பொது மருத்துவமனையில் 1959 நவம்பர் 1ஆம் தேதி காலமானார். இந்த வரிசையில் பிச்சைக்கு இடம் எங்கே இருக்கிறது? கோயில் வாசலில் கையேந்துகிறவரைப் பொள்ளாச்சிக்காரர்கள் கச்சேரிக்கு அழைத்திருப்பார்களா?

நீரிழிவு அவரை உலுக்கியது உண்மை. கண்ணும் பாதிக்கப்பட்டது என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கண்ணில் கோளாறு வந்தவர்கள் உங்கள் ஊர் அம்மனுக்குக் கண்மலர் சாத்துவதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். கண் மங்கிய ஒரு திருச்சிக்காரர் மாரியம்மன் சன்னிதியில் போய் உட்கார்ந்தார் என்றால் அது வேண்டுதல். அதைப் பிச்சையாக மாற்றியது கதை சொன்னவர்களின் வாய்.

அதே வாய்தான் அவர் தங்கத் தட்டில் சாப்பிட்டார் என்றும் சொன்னது. தங்கத் தட்டையும் பிச்சைக் காசையும் சேர்த்துப் பாருங்கள், இரண்டும் ஒரே பட்டறையில் செய்த நகை என்று தெரியும். ஏறினவனை வானத்துக்கு ஏற்றி, விழுந்தவனைப் பாதாளத்துக்குத் தள்ளி, நடுவில் அந்த மனிதன் வாழ்ந்த நாற்பத்தொன்பது வருஷத்தை விட்டுவிடுவது நம் ஜனங்களுக்குப் பழக்கம். இந்தக் கதையில் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. கொடுத்ததால் கெட்டார் என்று அது பிள்ளைகளுக்குப் போதிக்கிறது. அது பொய்.

இனி அவர் மேடை ஏறிய கதை. உங்கள் மகனுக்கு இது வேண்டியது.

மாயவரத்தில் பொற்கொல்லர் கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரியின் மகனாக 1910 மார்ச் 1ஆம் தேதி பிறந்தவர் தியாகராஜன். குடும்பம் பிழைப்புத் தேடித் திருச்சிக்கு வந்தது. பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. பாட்டு, பாட்டு, பாட்டு. அப்பா கண்டித்ததும் வீட்டைவிட்டு ஓடினான், கடப்பையில் கூட்டம் கூட்டிப் பாடிக்கொண்டிருந்தவனைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தார்கள் என்பது எல்லோரும் சொல்லும் செய்தி. திரும்பி வந்தபின் அப்பா பாட்டைத் தடுக்கவில்லை.

அப்போது திருச்சியில் எஃப்.ஜி. நடேசய்யர் என்றொருவர் இருந்தார். தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரி, நாடகப் பித்தர். ரசிக ரஞ்சன சபா அவர் தொடங்கியது. அலுவலகம் முடிந்தபின் அரிதாரம் பூசுகிற உத்தியோகஸ்தர்களின் சபா அது. 'ஹரிச்சந்திரா' போடத் தீர்மானித்தபோது லோகிதாசன் வேடத்துக்கு ஒரு பையன் வேண்டியிருந்தது. தியாகராஜன் பாடியதைக் கேட்ட நடேசய்யர் நேரே அவன் அப்பாவிடம் போய் அனுமதி கேட்டார். பையனுக்கு அப்போது பத்து வயதுதான். லோகிதாசன் சின்ன வேடமில்லை, சகோதரி. பாம்பு கடித்துச் சாகிற குழந்தை அவன். அவன் தாய் சந்திரமதி அவனை மடியில் போட்டு அழும்போது முழுக் கூட்டமும் அழ வேண்டும். அதற்கு முன்னாலேயே அந்தப் பிள்ளை ஜனங்களின் மனசில் இடம்பிடித்திருந்தால்தான் மயான காண்டம் எடுபடும். தியாகராஜன் இடம்பிடித்தான்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். ஒரு வேடம் வெற்றி பெற்றதும் பையனை ஊர் ஊராக ஓட்டிச் சம்பாதிக்கவில்லை. வயலின் வித்துவான் மதுரை பொன்னு அய்யங்கார் காசு வாங்காமல் சங்கீதம் சொல்லிக்கொடுத்தார். ஆறு வருஷம் பாடம் நடந்தது. கஞ்சிரா மேதை புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை அவன் கச்சேரிக்கு வாசித்துவிட்டுப் 'பாகவதர்' என்று பட்டம் சூட்டினார் என்பார்கள். 1926இல் பொன்மலையில் 'பவளக்கொடி' நாடகத்தில் அர்ஜுனனாக வந்தபோது அவர் பாலபார்ட் (சிறுவன் வேடம்) இல்லை, ராஜபார்ட் (கதாநாயகன்). பாலபார்ட்டுக்கும் ராஜபார்ட்டுக்கும் நடுவில்தான் மகரக்கட்டு உடைகிற பருவம் வருகிறது. குரல் உடைந்ததும் வேலை போய், திருப்பி அனுப்பப்பட்டு, வேறு தொழில் தெரியாமல் நின்ற பையன்கள் அந்தக் காலத்து நாடகக் கம்பெனிகளில் ஏராளம். அந்தப் பருவத்தைப் பாகவதர் குருவிடம் பாடம் கேட்டுக் கழித்தார். அதற்கு இடம் கொடுத்தது அப்பாவும் நடேசய்யரும் பொன்னு அய்யங்காரும்.

சிறுவர்களை வைத்தே நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளில் நிலைமை வேறு. சாப்பாடு, இருப்பிடம், தொழில் மூன்றும் கிடைக்கும். உதையும் கிடைக்கும். திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த ஒரு சின்னப் பையன் கட்டபொம்மன் கூத்தைப் பார்த்து மயங்கி, தான் அநாதை என்று பொய் சொல்லி யதார்த்தம் பொன்னுசாமி பிள்ளையின் கம்பெனியில் சேர்ந்தான். பெற்றவர்களைப் பார்க்காமல் வருஷங்கள் ஓடின. அந்தப் பையன் சிவாஜி கணேசன். கணேசன் பிழைத்து மேலே வந்தார். அதை வைத்து அந்த முறை நல்லது என்று யாரும் சொல்ல வேண்டாம். கூட இருந்த மற்றப் பையன்களின் பெயரைச் சொல்லுங்கள் பார்க்கலாம் என்று கேட்டால் முக்கால்வாசிக்குப் பதில் இருக்காது.

பாகவதரின் சினிமா உங்களுக்குத் தெரிந்ததுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கே. சுப்ரமணியம் இயக்கத்தில் 1934இல் 'பவளக்கொடி' படமானது. 1937இல் 'சிந்தாமணி', 'அம்பிகாபதி'. 1939இல் திருச்சி தியாகராஜா ஃபிலிம்ஸ் என்ற சொந்தப் பெயரில் 'திருநீலகண்டர்'. 1941இல் 'அசோக்குமார்', 1943இல் 'சிவகவி'. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது.

கொடுத்த கதைக்கு வருகிறேன். பெனிஃபிட் நாடகம் என்று அப்போது ஒன்று உண்டு. ஒரு பள்ளிக்கூடம் கட்ட வேண்டும், கோயிலுக்குத் திருப்பணி செய்ய வேண்டும், மருத்துவமனைக்குப் பணம் வேண்டும் என்றால் ஊர்ப் பெரியவர்கள் ஒரு ராஜபார்ட்டிடம் தேதி கேட்பார்கள். கொட்டகை வாடகை, விளக்கு, பக்கவாத்தியக்காரர்களின் சம்பளம் எல்லாம் வசூலில் கழியும். வசூலில் பெரிய பங்கு ராஜபார்ட்டுக்குப் போகும். அந்த ஒருவர் 'எனக்கு வேண்டாம்' என்று சொன்னால்தான் நிதிக்கு ஏதாவது மிஞ்சும். பாகவதர் அப்படிச் சொன்னவர். அவர் வருகிறார் என்றால் கொட்டகை நிரம்பும், அதனால் அவருடைய ஒரு 'வேண்டாம்' மற்றவர்களின் பத்து 'வேண்டாம்'களுக்குச் சமம்.

இரண்டாம் உலகப் போரின்போது யுத்த நிதிக்காக மாகாணம் முழுக்கச் சம்பளம் வாங்காமல் பாடினார், நடித்தார். கவர்னர் ஆர்தர் ஹோப் அதற்குப் பட்டம் தர முன்வந்தபோது அவர் ஏற்கவில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் யுத்தத்துக்கு ஏன் பாடினார் என்று இன்று கேட்கலாம். நானும் கேட்பேன். அது வேறு விவாதம். கூலி வாங்காமல் பாடினார், கைமாறாக வந்ததையும் தொடவில்லை என்பதுதான் இங்கே பேச்சு.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது? என் ஊகம், அது பத்து வயதில் தொற்றியது. அவர் முதலில் ஏறிய மேடையில் இருந்தவர்கள் கூலிக்கு ஆடியவர்களில்லை. பாடம் சொன்னவர் காசு வாங்கவில்லை. கலைக்கும் காசுக்கும் நடுவில் இடைவெளி இருக்கலாம் என்பதை அந்தக் குழந்தை பார்த்தே வளர்ந்தது. நாகர்கோவில் என்.எஸ். கிருஷ்ணனும் இளவயதிலேயே டி.கே.எஸ். சகோதரர்களின் கம்பெனிக்குப் போனவர், கேட்டவருக்கு இல்லையென்று சொல்லாதவர். இவர்களை ஒரே வழக்கு ஒரே சிறையில் கொண்டுபோய் வைத்ததுதான் கொடுமை.

ஆம், பாகவதரைக் கெடுத்தது அந்த வழக்கு. 1944 நவம்பரில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்தக் கொலை வழக்கில் டிசம்பரில் பாகவதர் கைதானார். 1945 மே மாதம் அவருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு தள்ளுபடியானது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், அது மறுவிசாரணைக்கு அனுப்பி, 1947 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இருவரையும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் சிறையில் போய்விட்டது. வாங்கியிருந்த அட்வான்ஸ்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. வக்கீல் செலவு வேறு. லண்டன் வரைக்கும் வழக்காடினால் என்ன ஆகும் என்று நான் கணக்குப் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

வெளியே வந்தபோது காலம் திரும்பியிருந்தது. 1948இல் 'ராஜமுக்தி' விழுந்தது. 1952இல் 'அமரகவி'யும் 'சியாமளா'வும் வந்தன. அதே 1952 தீபாவளிக்குச் சிவாஜி கணேசன் நடித்த 'பராசக்தி' வந்தது. பாட்டுக்காகப் படம் பார்த்த ஜனங்கள் வசனத்துக்காகப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். திருச்சியில் வளர்ந்த ஒரு பிள்ளையின் சினிமாவைத் திருச்சியில் வளர்ந்த இன்னொரு பிள்ளையின் சினிமா முடித்து வைத்தது. அந்தக் கணேசனும் கட்டபொம்மன் நாடக வசூலைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்தார், கயத்தாறில் கட்டபொம்மனுக்குத் தம் செலவில் சிலை வைத்தார். அவர் கெட்டுப் போகவில்லையே! கொடுப்பதற்கும் கெடுவதற்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் மாமனாரிடம் இதை நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

ஆனால் மாமனாரின் பயத்தில் ஒரு பாதி சரி. குழந்தை சம்பாதிக்கிற பணத்துக்கு யார் காவல் என்ற பாதி. இதற்குத் திருச்சியைவிட்டுக் கொஞ்ச தூரம் போக வேண்டும்.

பாகவதரைவிட நான்கு வயது இளையவன் ஜாக்கி கூகன் என்ற அமெரிக்கப் பையன். 1921இல் வந்த சாப்ளினின் 'தி கிட்' படத்தில் கூடவே திரிகிற அந்தச் சிறுவன்தான். உலகமே அவனைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. 1924இல், பத்து வயதை நெருங்கியபோது, ஆர்மீனிய, கிரேக்க அகதிக் குழந்தைகளுக்காக நியர் ஈஸ்ட் ரிலீஃப் என்ற நிவாரண அமைப்பின் சார்பில் ஊர் ஊராகப் போய் உணவும் துணியும் திரட்டினான். பத்து லட்சம் டாலருக்கு மேல் பெறுமானமுள்ள பொருள்கள் சேர்ந்தன. கப்பலோடு கிரேக்கம் வரை போனான், ரோமில் போப்பாண்டவரைச் சந்தித்தான். ஊர்க் குழந்தைகளுக்கு அவ்வளவு சேர்த்துக் கொடுத்தவனுக்கு, பெரியவனானதும் தன் பணம் எங்கே என்று கேட்க வேண்டியிருந்தது. சம்பாதித்தது பல லட்சம் டாலர். 1938இல் தாய்மேலும் மாற்றாந்தந்தைமேலும் வழக்குப் போட்டான். மிச்சமாகக் கைக்கு வந்தது சுமார் 1,26,000 டாலர். அந்த அவமானத்திலிருந்துதான் 1939இல் கலிஃபோர்னியா மாநிலம் குழந்தை நடிகர்களின் வருமானத்தில் ஒரு பகுதியைத் தனியே காப்பாற்ற வழிசெய்யும் சட்டம் கொண்டுவந்தது. அவன் பெயராலேயே அதைச் சொல்கிறார்கள். கூகனின் பணம் தருமத்தில் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். வீட்டுக்குள்ளேதான் போனது.

நம் நாட்டில் அப்படிப்பட்ட காவல் வர வெகுகாலம் ஆனது. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தியபோது, பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சினிமாவிலும் தொலைக்காட்சியிலும் நடிக்கலாம், ஆனால் கட்டுப்பாடுகளோடு என்று வைத்தார்கள். 2017இல் விதிகள் வந்தன. அதில் உள்ளவற்றை நீங்கள் மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, ஓய்வு தராமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது. தொடர்ந்து இருபத்தேழு நாளுக்கு மேல் நடிக்க வைக்கக்கூடாது. படப்பிடிப்பு நடக்கிற மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஐந்து குழந்தைகளுக்கு ஒருவராவது பொறுப்பாளர் இருக்க வேண்டும். படிப்பு அறுபடக்கூடாது. குழந்தையின் விருப்பத்துக்கு மாறாக எதையும் செய்ய வைக்கக்கூடாது. வருமானத்தில் குறைந்தது இருபது சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் குழந்தையின் பெயரில் வைப்புநிதியாக நேரடியாகப் போக வேண்டும், அவன் வயதுக்கு வந்தபின்தான் அது கைக்குக் கிடைக்கும்.

இருபது சதவீதம் போதுமா என்று கேட்டால், போதாது என்பேன். சட்டம் குறைந்தபட்சத்தைத்தான் சொல்கிறது. வீட்டில் கஷ்டம் இல்லையென்றால் முழுவதையும் அவன் பெயரிலேயே போடுங்கள். அவன் வளர்ந்து அதை ஊருக்குக் கொடுக்கிறானா, தன் வீட்டுக்கு வைக்கிறானா என்பது அவன் பாடு. பத்து வயதுப் பிள்ளையின் பணத்தை எடுத்து அவன் பெயரில் தருமம் செய்கிற பெற்றோரையும் நான் பார்த்திருக்கிறேன். அந்தப் புண்ணியம் யாருக்கும் சேராது.

அனுப்பலாமா என்ற கேள்விக்கு என் பதில்: அனுப்பலாம், நடேசய்யர் மாதிரி உங்களிடம் நேரே வந்து அனுமதி கேட்கிறவர்களாக இருந்தால். நடுவில் ஒரு தரகர் நின்று, போட்டோ செலவு, பதிவுக் கட்டணம் என்று முதலில் உங்களிடம் பணம் கேட்டால் கதவைச் சாத்திவிடுங்கள். படப்பிடிப்பு நாளெல்லாம் நீங்களோ அவன் அப்பாவோ கூட இருங்கள். பாட்டு வாத்தியாரை நிறுத்தாதீர்கள். இன்னும் நாலைந்து வருஷத்தில் அவனுக்கும் குரல் உடையும். அன்றைக்குச் சினிமா கூப்பிடாமல் இருந்தால் அவனுக்குப் போக்கிடமாக இருக்கப் போவது அந்தப் பாடம்தான்.

ஒரு நாள் மாமனாரையும் மகனையும் அழைத்துக்கொண்டு திருச்சிக்குப் போய் வாருங்கள். பாகவதரின் சமாதி சங்கிலியாண்டபுரத்தில் இருக்கிறது. அரசாங்கம் நகரத்தில் மணிமண்டபமும் கட்டியிருக்கிறது. அவரைப் பற்றிக் கோயில் வாசல் கதை மட்டும் தெரிந்தவனாக உங்கள் மகன் வளர வேண்டாம்.

ஒப்பந்தம் வந்ததும் அவசரப்பட வேண்டாம். ஆட்சியரின் அனுமதிக் கடிதத்தின் நகலும், மகன் பெயரில் வைப்புநிதிக் கணக்கு திறந்ததற்கான அத்தாட்சியும் உங்கள் கைக்கு வந்தபிறகு கையெழுத்துப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்